சட்டைப் பையில் ஒரு முவக்கித்: பணிகளைக் குறித்து வைத்தலின் வரலாறு

ஒரு முஸ்லிம் குடும்பத்தின் ஒரு வாரத்தை எண்ணிப் பார்ப்போம். வாப்பாவின் மருந்து தீர்வதற்குள் வாங்கிவிட வேண்டும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்குக் கடைசி நாள் நெருங்குகிறது. ரமளானில் விடுபட்ட நோன்புகளில் இன்னும் நான்கு களாச் செய்யப்பட வேண்டியுள்ளன. மச்சானிடம் வாங்கிய கைமாற்றுக்குத் தவணை சொல்லியாயிற்று. ஜகாத் கணக்குப் பார்க்கும் நாள் வருகிறது. மஹல்லா நிக்காஹ் ஒன்றுக்குச் சமையல் பொறுப்பை ஏற்றிருக்கிறோம். இவற்றுக்கு நடுவே கடையும் அலுவலகமும் ஐவேளைத் தொழுகையும் இருக்கின்றன.

முன்பு இவையெல்லாம் கடையின் குறிப்பேட்டிலும், நாட்காட்டித் தாளின் ஓரத்திலும், பெரும்பாலும் உம்மாவின் நினைவிலும் இருந்தன. இன்று அவை திறன்பேசியில் ஒரு செயலிக்குள் இடம் பெயர்ந்துவிட்டன. பேருந்தில் நின்றபடியே ஒரு பணியைக் குறித்துக்கொள்கிறோம். அதற்கு நாளும் நேரமும் இடுகிறோம். முடிந்ததும் தொட்டு அடித்துவிடுகிறோம். இது மேற்கிலிருந்து வந்த புதுமை என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். கருவி புதியதுதான். ஆனால், கருவிக்குப் பின்னிருக்கும் தேவை பழையது. அதற்கு நம் முன்னோர் கண்ட விடைகளும் பழையவை. அவ்விடைகளை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது, கையிலிருக்கும் கருவியை எப்படி ஆள்வது என்பதை நமக்குத் தெளிவாக்கும்.

எழுதச் சொன்ன மார்க்கம்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று கேட்டால், அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனமாகிய அது, கடனை எழுதி வைப்பதைப் பற்றிப் பேசுகிறது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் தவணையுடன் சேர்த்து எழுதச் சலிப்படையலாகாது என்பது அதன் போதனைகளுள் ஒன்று. எழுதத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே இருந்த ஒரு சமூகத்திற்கு இக்கட்டளை அருளப்பட்டது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலும் இவ்வாறே அமைந்திருக்கிறது. வஸிய்யத் செய்வதற்குரிய பொருள் ஏதும் உள்ள ஒரு முஸ்லிம், அதனை எழுதித் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று அண்ணலார் அறிவுறுத்தியதாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. அதைக் கேட்ட நாள் முதல் தம் வஸிய்யத் தம்மிடம் இல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை என்றும் அந்த நபித்தோழர் கூறியிருக்கிறார்கள்.

இவ்விரண்டிலும் பொதுவாயிருப்பது ஒன்று உண்டு. எழுதுவது நம் வசதிக்காக மட்டும் சொல்லப்படவில்லை. கடன் கொடுத்தவரின் உரிமையும், வாரிசுகளின் உரிமையும், நாம் இல்லாத நாளிலும் காக்கப்பட வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டது. நம் பணிப் பட்டியலில் உள்ள பெரும்பாலான வரிகள் பிறருக்கு நாம் கொடுத்த வாக்குகளே. ஆகவே, பட்டியல் என்பது ஓர் அமானிதப் பதிவேடு.

எந்த ஷஅபான்?

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் இஸ்லாமிய அரசு பாரசீகம், ஷாம், எகிப்து ஆகிய திசைகளில் விரிந்தது. மதீனாவிலிருந்து ஆளுநர்களுக்குக் கட்டளைகள் சென்றன. அங்கிருந்து கணக்குகள் வந்தன. பஸராவின் ஆளுநராக இருந்த அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள், தமக்கு வரும் கடிதங்களில் ஆண்டுக் குறிப்பு இல்லை என்று கலீஃபாவுக்கு எழுதினார்கள் என வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். ஷஅபானில் தீர்க்க வேண்டும் என்று மட்டும் எழுதப்பட்ட ஒரு பத்திரம் கலீஃபாவின் முன் வைக்கப்பட்டபோது, அது கடந்த ஷஅபானா, நடப்பு ஷஅபானா, வரப்போகும் ஷஅபானா என்ற ஐயம் எழுந்ததாகவும் ஒரு செய்தி உண்டு.

உமர் (ரலி) அவர்கள் தோழர்களைக் கூட்டி ஆலோசித்தார்கள். பாரசீகர், உரோமர் ஆகியோரின் ஆண்டு முறைகள் பேசப்பட்டன. நபி (ஸல்) அவர்களின் பிறப்பு, நபித்துவம், மறைவு ஆகிய நிகழ்வுகள் ஆராயப்பட்டன. இறுதியில் ஹிஜ்ரத்தைத் தொடக்கமாகக் கொள்வது என்றும், முஹர்ரமை முதல் மாதமாக்குவது என்றும் முடிவாயிற்று. இது ஹிஜ்ரி 17ஆம் ஆண்டளவில் நடந்தது.

நாம் இன்று புத்தாண்டுச் செய்தி பரிமாறிக்கொள்ளும் ஹிஜ்ரி நாட்காட்டி, ஒரு நிர்வாகத் தேவையிலிருந்து பிறந்தது. நாள் குறிக்கப்படாத பணி, பணியே அன்று. அது ஓர் எண்ணம் மட்டுமே என்பதை அன்றைய அரசு தன் அனுபவத்தில் கண்டுகொண்டது. பல பணிச் செயலிகளில், பணியின் பெயரை அடுத்து வரும் கேள்வி, எந்த நாளுக்குள் என்பதே. உமர் (ரலி) அவர்களின் அவையில் எழுந்த கேள்வியும் அதுதான்.

அழித்தால் தெரியும் தாள்

எழுதுவதற்குத் தோலும் பாப்பிரஸும் பயன்பட்ட காலத்தில், பதிவு என்பது செலவு மிகுந்த காரியம். சமர்கந்து வழியாகக் காகிதம் செய்யும் கலை முஸ்லிம் உலகை அடைந்தது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பக்தாதில் காகித ஆலை இயங்கியது. அரசு அலுவலகங்களில் காகிதத்தையே பயன்படுத்துமாறு கலீஃபா ஹாரூன் அல்ரஷீத் ஆணையிட்டதற்குச் சுவையான காரணம் ஒன்றை எகிப்திய அறிஞர் அல்கல்கஷந்தீ பதிவு செய்துள்ளார். தோலில் எழுதியதைச் சுரண்டிவிட்டு வேறொன்றை எழுதலாம். காகிதத்தில் அவ்வாறு செய்தால் தடம் தெரிந்துவிடும்.

மலிவாகவும் நம்பகமாகவும் ஒரு பரப்புக் கிடைத்தவுடன் வணிகர், நீதிபதி, மாணவர் என எல்லோரும் குறிப்பு எழுதத் தொடங்கினர். நம் நாட்டுக் கடைகளில் நெடுங்காலம் வழங்கிய சிட்டையும் பேரேடும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதி, மாலையில் பேரேட்டில் ஏற்றிய ஒழுங்கு நம் வணிகக் குடும்பங்களின் பெரியவர்கள் அறிந்ததே. போகுமிடத்தில் சுருக்கமாகக் குறித்துக்கொண்டு, அமர்ந்த இடத்தில் முறைப்படுத்துவது என்ற இப்பழக்கத்தையே திறன்பேசியும் கணினியும் இணைந்து இன்று செய்கின்றன.

முவக்கித்தும் மாணிக்கப் பெட்டியும்

நாள் குறித்தாயிற்று. நேரம்? தொழுகையின் வக்துகள் சூரியனின் நிலையைப் பொறுத்தவை. அவை நாளுக்கு நாள் மாறும். ஊருக்கு ஊரும் மாறும். இக்கணக்கைப் பார்ப்பதற்கென்றே முவக்கித் என்ற பதவி பள்ளிவாசல்களில் தோன்றியது. 13ஆம் நூற்றாண்டு முதல் எகிப்திலும் பின்னர் ஷாமிலும் வானியல் கற்ற அறிஞர்கள் இப்பதவியை வகித்தனர். இவர்களுள் தலைசிறந்தவர் திமிஷ்கின் உமய்யா பள்ளிவாசலில் தலைமை முவக்கித்தாக இருந்த இப்னு அல்ஷாதிர். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இவர், ஹிஜ்ரி 773இல், அதாவது 1371-72இல், அப்பள்ளியின் மினாராவில் நிறுவிய பெரிய சலவைக்கல் சூரியக் கடிகாரம் புகழ்பெற்றது. அவருடன் பணியாற்றிய ஷம்சுத்தீன் அல்கலீலீ, திமிஷ்குக்கான தொழுகை நேரங்களையும், பல ஊர்களுக்குப் பொருந்தும் கிப்லா கணக்கையும் விரிவான அட்டவணைகளாக வகுத்தார்.

நம் பொருளுக்கு மிக நெருக்கமானது இப்னு அல்ஷாதிரின் இன்னொரு படைப்பு. ஹிஜ்ரி 767இல், அதாவது 1365-66இல், அவர் ஒரு சிறு பெட்டியைச் செய்தார். ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் சதுரமும் 3 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட அப்பெட்டிக்கு ஸந்தூக் அல்யவாகீத், அதாவது மாணிக்கப் பெட்டி, என்று பெயர். அதற்குள் சூரியக் கடிகாரமும் காந்தத் திசைகாட்டியும் இணைந்திருந்தன. வெவ்வேறு ஊர்களின் அட்சரேகைக்கு ஏற்ப அதனைச் சாய்த்து வைத்து, நேரத்தையும் கிப்லாவையும் அறியலாம். இக்கருவி ஹலப் நகரில் பாதுகாக்கப்பட்டு வந்தது.

பள்ளிவாசலின் மினாராவில் நிலைத்திருந்த அறிவை ஒரு பயணி கையில் எடுத்துச் செல்லும் வடிவுக்குச் சுருக்கிய முயற்சி இது. நேரம், திசை, இடத்திற்கேற்ற திருத்தம் ஆகிய மூன்றையும் ஒரே கருவியில் அடக்கியிருந்தது. திறன்பேசி இன்று நமக்குச் செய்வதும் இதுவே. வேறுபாடு ஒன்று மட்டும் உண்டு. முவக்கித், கணக்கை அறிந்தவர். நாமோ விடையை மட்டும் பார்க்கிறோம். தொழுகை நேரச் செயலியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? சுப்ஹுக்குச் சூரியன் அடிவானுக்குக் கீழே 18 பாகையில் இருக்க வேண்டும் என்பது ஒரு கணக்கு, வட அமெரிக்காவில் வழங்கும் 15 பாகை வேறொரு கணக்கு, எகிப்தின் 19.5 பாகை இன்னொன்று. அஸருக்கு நிழல் ஒரு மடங்கு என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலை. இரு மடங்கு என்பது ஹனஃபி மத்ஹபில் பரவலாகப் பின்பற்றப்படுவது. தமிழகத்தில் இரு மத்ஹபினரும் அருகருகே வாழ்கிறோம். செயலி தானாகத் தேர்ந்துகொண்ட கணக்கை நம் மஹல்லாவின் அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்வது, முவக்கித்தின் பணியில் நம் பங்கிற்கு எஞ்சியிருக்கும் சிறு கடமை.

கூட்டுப் பணியின் பதிவேடு

தனிமனிதரின் பட்டியல் ஒருபுறமிருக்க, நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து செய்யும் திட்டங்களை நம் முன்னோர் எவ்வாறு நடத்தினர்? இஸ்தான்புல்லின் சுலைமானிய்யா வளாகம் இதற்கு நல்ல சான்று. சுல்தான் சுலைமானுக்காகத் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் 1550இல் தொடங்கி 1557இல் முடித்த இவ்வளாகத்தில் பள்ளிவாசலுடன் மத்ரஸாக்கள், மருத்துவமனை, ஏழைகளுக்கு உணவளிக்கும் சமையற்கூடம் ஆகியவையும் அடங்கும். அதன் கட்டுமானக் கணக்கேடுகள் அழியாமல் கிடைத்துள்ளன. துருக்கிய வரலாற்றறிஞர் உமர் லுத்ஃபி பர்கான் அவற்றை ஆராய்ந்து 1970களில் இரு தொகுதிகளாக வெளியிட்டார்.

யார் யார் வேலைக்கு வந்தனர், எத்தொழிலுக்கு எவ்வளவு கூலி, எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பன அவ்வேடுகளில் பதிவாகியுள்ளன. வேலை செய்தவர்களில் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் இருந்தனர். ஒவ்வொருவரின் உழைப்பும் பெயருக்கு நேரே எழுதப்பட்டது. மாபெரும் குவிமாடத்தைப் பார்த்து வியக்கும் நாம், அதனைத் தாங்கும் தூண்களுள் ஒன்றாகிய இப்பதிவேட்டைப் பார்ப்பதில்லை. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், அக்கூலியை எழுதி வைப்பதும் வணக்கத்தின் ஒரு பகுதியே. மஹல்லா வேலைகளை இன்று ஒரு குழுச் செயலியில் பகிர்ந்துகொள்ளும் இளைஞர்கள், யார் எதைச் செய்தார் என்பது தெளிவாகத் தெரியும்படி எழுதி வைத்தால், பின்னர் எழும் மனக்கசப்புகளில் பாதி எழாது.

இப்னு பதூதா இழந்தவை

பயணத்தில் குறிப்பெடுப்பவருக்கு வரலாறு தரும் எச்சரிக்கை ஒன்று உண்டு; அது தமிழ்க் கரையோடும் தொடர்புடையது. 1325இல் தஞ்சாவை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, 1340களில் மதுரை சுல்தான்கள் ஆண்ட மஃபர் நாட்டில் தங்கியிருந்தார். அங்கிருந்து கொல்லம் சென்று, மேலைக் கடற்கரை வழியாகக் கப்பலில் போகும்போது கடற்கொள்ளையர் அவருடைய கப்பலைச் சூழ்ந்தனர். உடுத்திய சிறு உடை தவிர அனைத்தும் பறிபோயின. புகாரா நகரத்து அறிஞர்களின் அடக்கத்தலங்களில் பொறிக்கப்பட்டிருந்த செய்திகளைத் தாம் எழுதி வைத்திருந்ததாகவும், அக்கொள்ளையில் அவையும் போய்விட்டதாகவும் அவரே தம் பயண நூலில் வருந்துகிறார்.

ஊர் திரும்பிய பின், 1355இல் நிறைவுற்ற அந்நூலை அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் எழுதினார். நினைவிலிருந்து மீட்க முடிந்தவை மட்டுமே நமக்குக் கிடைத்தன. ஒரே ஓர் இடத்தில் மட்டும் வைக்கப்பட்ட குறிப்பு, அந்த இடத்தோடு சேர்ந்து மூழ்கிவிடும். திறன்பேசி தொலைந்தால் நம் கடன் கணக்கும், களா நோன்புக் கணக்கும், வஸிய்யத்தின் வரைவும் சேர்ந்து தொலையுமா என்று ஒவ்வொரு குடும்பமும் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றொரு பிரதி எங்கேனும் இருத்தல் அவசியம். அதைத் திறக்க வீட்டில் இன்னொருவருக்கும் வழி தெரிந்திருத்தல் அதனினும் அவசியம்.

மரக்கட்டையிலிருந்து செயலி வரை

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1984இல் பிரிட்டனின் சயான் நிறுவனம் கையடக்க மின்னணுக் குறிப்பேடு ஒன்றை வெளியிட்டது. 1994இல் ஐபிஎம் நிறுவனத்தின் சைமன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தொலைபேசியோடு நாட்காட்டி, முகவரிப் புத்தகம், பணிப் பட்டியல் ஆகியவற்றை ஒரே கருவியில் சேர்த்த அதனையே முதல் திறன்பேசி என்று பலரும் சொல்கின்றனர். அதன் மின்கலம் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேச்சுக்கே தாங்கியது.

1996இல் வந்த பாம் பைலட் இத்துறையின் போக்கை மாற்றியது. அதனை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி பிறப்பதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாரேனும் சந்திப்புக்கு நாள் கேட்டால், அக்கட்டையை எடுத்து அதில் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். எதை உண்மையில் எடுத்துப் பார்க்கிறோம், எது தேவையற்றது என்பதை அவர் இவ்வாறே அறிந்தார். இறுதியில் அக்கருவியின் முகப்பில் நான்கு பொத்தான்கள் இருந்தன: நாட்குறிப்பு, முகவரி, பணிப் பட்டியல், குறிப்பேடு. பயணத்தில் இருக்கும் ஒருவருக்குத் தேவையானவை இந்நான்கே என்று அவர் கண்டார்.

2007இல் ஐபோன் வந்தது. 2008 ஜூலையில் ஆப்பிளின் செயலிக் கடை 500 செயலிகளுடன் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டு கைபேசிகளும் வந்தன. இதற்கிடையே, 2007இல் டுடூயிஸ்ட் என்ற பணிச் செயலியை ஒரு மாணவர் தம் சொந்தத் தேவைக்காக எழுதினார். அவர் பெயர் அமீர் ஸாலிஹெஃபெந்திச். போஸ்னியாவில் பிறந்து, போரினால் அகதியாகிக் குடும்பத்தோடு டென்மார்க்கில் அடைக்கலம் புகுந்தவர். இன்று உலகெங்கும் பயன்படும் பணிச் செயலிகளுள் ஒன்று, நாடிழந்த ஒரு பிள்ளையின் மேசையிலிருந்து வந்தது என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்க செய்தி.

பாங்கும் அறிவிப்பும்

சிட்டை, பேரேடு போன்ற பழைய கருவிகளுக்கு ஒரு பொதுப்பண்பு இருந்தது. மனிதர் அவற்றிடம் சென்று பார்த்தார். அவை அவரை அழைக்கவில்லை. சிட்டை கடைக்காரரைக் கூப்பிட்டதில்லை. செயலிகள் தாமாகவே அறிவிப்பு அனுப்பும் வசதி ஐபோனுக்கு 2009இல் வந்த பிறகு, இவ்வுறவு தலைகீழாயிற்று. பணியை நினைவூட்டும் மணியோடு விளம்பரமும் வம்பும் அதே ஒலியில் வரத் தொடங்கின.

அழைப்பு என்பதைப் பற்றி நம் வரலாறு ஆழமாக யோசித்திருக்கிறது. மதீனாவில் மக்களைத் தொழுகைக்கு எவ்வாறு அழைப்பது என்ற ஆலோசனை நடந்தபோது, கொம்பு ஊதுவதும் மணி அடிப்பதும் பேசப்பட்டன. பின்னர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) கண்ட கனவின் வழியே பாங்கின் சொற்கள் கிடைத்தன. பிலால் (ரலி) அவற்றை முழங்கினார்கள். வெறும் ஒலியைவிட, பொருளுள்ள சொற்களைத் தாங்கிய மனிதக் குரல் ஏற்கப்பட்டது.

பாங்கு ஒரு நாளில் ஐந்து முறை வருகிறது. எதற்காக அழைக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. சொல்லி முடித்ததும் அமைதியாகிறது. திரும்பத் திரும்ப நம்மைச் சீண்டுவதில்லை. நல்ல நினைவூட்டலுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் உண்டா? நம் கைபேசியில் ஒலிக்கும் அறிவிப்புகளை இந்த அளவுகோலில் நிறுத்துப் பார்த்தால், நிறுத்தி வைக்கத் தக்கவை எவை என்பது தானே விளங்கும். தொழுகையில் நிற்கும்போது சட்டைப் பையில் அதிரும் ஒன்றுக்காக உள்ளம் ஸஜ்தாவிலிருந்து விலகுமானால், நேரத்தைக் காக்க வந்த கருவி நேரத்தின் சாரத்தையே எடுத்துக்கொண்டது என்றாகிவிடும்.

பதிவேடு யார் கையில்?

இன்னொரு கேள்வியும் உண்டு. சிட்டை, கடைக்காரரின் பெட்டிக்குள் இருந்தது. செயலியின் பட்டியலோ எங்கோ ஒரு நாட்டின் கணினியில் இருக்கிறது. 2020 நவம்பரில், உலக முஸ்லிம்கள் மிகப் பரவலாகப் பயன்படுத்திய தொழுகை நேரச் செயலி ஒன்றிலிருந்து, பயனர்களின் இருப்பிடத் தகவல் ஓர் இடைத்தரகு நிறுவனத்திற்குச் சென்றதும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவத்திற்குப் பணி செய்யும் ஒப்பந்ததாரர்கள் இருந்ததும் செய்தியாக வெளிவந்தது. எதிர்ப்பு எழுந்தபின் அச்செயலியின் நிறுவனம் அத்தகைய பகிர்வை நிறுத்துவதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் வணிக ஆணையம், அந்த இடைத்தரகு நிறுவனம் வழிபாட்டிடங்கள், மருத்துவமனைகள் போன்ற நுண்ணிய இருப்பிடங்களைப் பற்றிய தகவலை விற்பதற்குத் தடை விதித்தது.

கிப்லாவை அறிய நாம் கொடுத்த இருப்பிடம், நாம் அறியாத கைகளுக்குச் சென்றது என்பதுதான் இதன் சுருக்கம். பணிச் செயலியில் நாம் எழுதுவதும் சாதாரணமானதன்று. யாருக்கு எவ்வளவு கடன், வீட்டில் யாருக்கு என்ன நோய், எந்த ஏழைக் குடும்பத்திற்கு மறைவாக உதவுகிறோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு தர்மம் செய்வது சிறப்பு என்று போதிக்கப்பட்ட நாம், ஏழையின் பெயரை முழுமையாக எழுதி அயலாரின் கணினிக்கு அனுப்புவது எவ்வகையில் பொருந்தும்? ஒரு குறியீடோ சுருக்கெழுத்தோ நமக்குப் போதும். தேவையற்ற இருப்பிட அனுமதியை மறுப்பதும் அமானிதத்தைக் காப்பதில் அடங்கும்.

மாலையில் எழும் கேள்வி

இறுதியாக, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் வருவோம். ஹிஜ்ரி 505இல், அதாவது 1111இல், மறைந்த அவர்களின் இஹ்யா உலூமித்தீன் நூலில் தன்னைக் கண்காணிப்பதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் தனியாக ஒரு நூற்பகுதி உண்டு. அதில் மனிதனின் அறிவை ஒரு வணிகனாகவும், உள்ளத்தை அவனுடைய கூட்டாளியாகவும் உருவகிக்கிறார்கள். வணிகன் கூட்டாளியிடம் முதலைக் கொடுத்து நிபந்தனை பேசுகிறான், வியாபாரத்தைக் கண்காணிக்கிறான், முடிவில் கணக்குக் கேட்கிறான், குறை கண்டால் தண்டிக்கிறான். அவ்வாறே நாளின் தொடக்கத்தில் உள்ளத்தோடு செய்யும் உடன்படிக்கை முஷாரதா. நாள் முழுவதும் விழித்திருப்பது முராகபா. நாளின் முடிவில் கணக்குப் பார்ப்பது முஹாஸபா. தவறுக்குத் தண்டனையும், மேலும் முயற்சியும், உள்ளத்தைக் கடிந்துகொள்வதும் அதன்பின் வருகின்றன. இவ்வணிகத்தில் முதல் என்பது ஆயுள். ஒவ்வொரு மூச்சும் திரும்பி வாராத நாணயம்.

அதே நூலின் இன்னொரு பகுதியில், பகற்பொழுதை ஏழு பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய வணக்கத்தை இமாமவர்கள் வரையறுக்கிறார்கள். அவ்வட்டவணையை எல்லோர் மீதும் ஒரேவிதமாகச் சுமத்தவில்லை என்பதே இதில் கவனிக்கத் தக்கது. வணக்கசாலி, அறிஞர், மாணவர், தொழிலாளி, ஆட்சியாளர் என்று பிரித்து, குடும்பத்தைக் காக்க உழைக்கும் தொழிலாளிக்கு அவருடைய சந்தைப் பணியே அந்நேரத்தின் வணக்கம் என்று விளக்குகிறார்கள். பிறருடைய நீண்ட பட்டியலைக் கண்டு மனம் குன்றத் தேவையில்லை. கைக்குழந்தையை வைத்திருக்கும் தாயின் பட்டியலும், ஓய்வு பெற்ற பெரியவரின் பட்டியலும் ஒன்றாக இருக்க முடியாது.

இந்த ஏற்பாட்டோடு நம் செயலியை ஒப்பிட்டால், அது எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்பது தெளிவாகும். காலையில் பணிகளைக் குறிக்க அது உதவும். பகலில் நினைவூட்டவும் உதவும். ஆனால், முஹாஸபாவை அது செய்யாது. எத்தனை பணிகள் முடிந்தன என்று எண்ணிக் காட்டும். எதற்காகச் செய்தோம் என்று கேட்காது. பத்து வரிகளை அடித்துவிட்ட நாளில், தாயிடம் கடுமையாகப் பேசியிருந்தால் அது பட்டியலில் தெரியாது. ஒரு வரியும் முடியாத நாளில், நோயாளியான அண்டை வீட்டாரோடு மருத்துவமனையில் நாம் அமர்ந்திருந்தால், அதுவும் தெரியாது.

ஆகவே, வரலாறு நமக்குக் காட்டும் நடைமுறை இதுவாகும். வாக்களித்ததை அன்றே எழுதுவோம். கடனுக்கும் வஸிய்யத்துக்கும் பட்டியலில் முதலிடம் தருவோம். நாளில்லாத பணியை எழுதாமலிருப்போம். நாளைய பணியைக் குறிக்கும்போது, சூரத்துல் கஹ்ஃபு கற்பித்தவாறு இன்ஷா அல்லாஹ் என்று நாவால் மொழிந்தே குறிப்போம். நாளைய பொழுது நம் கையிலில்லை என்பதை அச்சொல் நினைவூட்டும். நாளின் பணிகளைத் தொழுகைக்கு இடையிடையே அமைப்போம். தொழுகையைப் பணிகளுக்கு இடையில் செருகாதிருப்போம். லுஹருக்கு முன், அஸருக்குப் பின் என்று பகுத்தால் நாள் தானே ஒழுங்கு பெறும். இஷாவுக்குப் பின் கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் நம் உள்ளத்திடம் கணக்குக் கேட்போம். அக்கணக்கை எழுதிக்கொள்ள எந்தச் செயலியும் தேவையில்லை. எழுதுபவர்கள் நம் இரு தோள்களிலும் இருக்கிறார்கள்.

ஓட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டும்படி கற்பிக்கப்பட்ட சமூகம் நாம். செயலி என்பது கயிறு. அதை இறுகக் கட்டுவது நம் கடமை, காப்பவன் அவனே. நம் நேரங்களிலும் நம் பணிகளிலும் அல்லாஹ் பரக்கத் செய்து, நாம் ஏற்ற அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைத்த நிலையில் நம்மை அவனிடம் சேர்ப்பானாக! ஆமீன்.